அப்பாவுக்கு ஞாபகம் இருக்கும்போதே இதைச் செஞ்சுடுங்க

எஸ்ஐபி, டெர்ம் இன்சூரன்ஸ் எல்லாம் பக்காவா வச்சிருப்பீங்க. அப்பாவுக்கு மறதி நோய் வந்தா என்ன பண்ணுவீங்க?

எங்க வீட்ல வந்துச்சு. அப்பா கையெழுத்து பொருந்தலைன்னு பேங்க்ல திருப்பி அனுப்பிட்டாங்க. அவர் பணம் அவர் கணக்கிலேயே கிடந்தது. அவர் மருந்துக்கு நான் பர்சனல் லோன் எடுத்தேன்.

நாமினி இருக்கேன்னு நினைக்காதீங்க. கணக்கு வச்சிருக்கிறவர் இறந்த பிறகுதான் நாமினிக்கு வேலை. பவர் ஆஃப் அட்டர்னியும் கை கொடுக்காது. எழுதிக் கொடுத்தவர் புத்தித் தெளிவை இழந்துட்டா, 1872-ம் வருஷ இந்திய ஒப்பந்தச் சட்டப்படி அது முடிஞ்சுடும். அப்புறம் கோர்ட்டுக்குத்தான் அலையணும்.

அதனால, பெற்றோர் தெளிவா இருக்கும்போதே, அவங்க சம்மதத்தோட, 'ஐதர் ஆர் சர்வைவர்' முறையில் ஜாயின்ட் அக்கவுன்ட் ஆக்குங்க. பென்ஷன் கணக்குன்னா அம்மா பேரைச் சேருங்க. உயிலும் எழுதி வைக்கச் சொல்லுங்க.

இன்னொரு செலவை யாரும் கணக்கில் சேர்க்கறதே இல்ல. ராத்திரி மூணு மணிக்கு "வீட்டுக்குப் போறேன்"னு கதவைத் திறக்கிற அப்பாவோட முழிச்சிருக்கிறது அம்மாதான். அந்த உழைப்பு இலவசம் இல்ல. மாசம் நாலு நாளாவது ஆள் வச்சு அம்மாவைத் தூங்க விடுங்க. அந்தப் பணத்தை எஸ்ஐபி மாதிரி சம்பளம் வந்ததுமே ஒதுக்கிடுங்க.

இந்த ஞாயிற்றுக்கிழமையே அப்பாகிட்ட பேசுங்க. கோபப்படலாம், பரவாயில்ல. அவர் விருப்பம் என்னன்னு இப்போ கேட்டாதான் அவரே சொல்ல முடியும்.