புதிரை விடுவித்தால் மட்டும் போதுமா?

செய்தித்தாள்களில் வரும் சுடோகுப் புதிரை உங்களில் பலர் விடுவித்திருப்பீர்கள். ஒவ்வொரு நிரையிலும், நிரலிலும், மூன்றுக்கு மூன்று பெட்டியிலும் 1 முதல் 9 வரையுள்ள எண்கள் ஒரே ஒரு முறை வரவேண்டும். நிரப்பி முடித்ததும் தாளை மடித்து வைத்துவிடுகிறோம். அங்கேதான் தவறு செய்கிறோம் என்பது என் கருத்து. புதிரின் விதியை மாற்றிப் புதிதாக ஒன்றை அமைத்துப் பார்ப்பதில்தான் கணிதம் அதிகம் இருக்கிறது.

ஒரு சிறு எடுத்துக்காட்டு. நான்குக்கு நான்காக 16 கட்டங்கள் வரையுங்கள். அவற்றை இரண்டுக்கு இரண்டான நான்கு பெட்டிகளாகப் பிரியுங்கள். எண்கள் 1 முதல் 4 வரை. முதல் நிரையில் 1, 2, 3, 4 என எழுதிவிட்டு மற்றக் கட்டங்களை நிரப்புங்கள். 12 விடைகள் கிடைக்கும். இனி ஒரு விதியைச் சேர்ப்போம்: இரு மூலைவிட்டங்களிலும் நான்கு எண்களும் வரவேண்டும். பத்து விடைகள் அடிபட்டுப்போகும், எஞ்சுபவை இரண்டே.

சில ஆண்டுகளுக்கு முன் இதே புதிரை எங்கள் துறையின் அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். ஒரு விடை கிடைத்தவுடன், வேறு விடை இராது என்று நம்பிவிட்டேன். மறுநாள் முதலாண்டு மாணவி ஒருத்தி இரண்டு தாள்களுடன் வந்து, "சார், இதில் எது சரி?" என்று கேட்டாள். இரண்டுமே சரி! எனக்கு வெட்கமாகிவிட்டது. ஒரு விளக்கம் பொருந்துகிறது என்பதாலேயே வேறு விளக்கம் இல்லை என முடிவு கட்டக்கூடாது என்று வகுப்பில் சொல்பவன் நான்தானே! இரண்டாம் நிரையின் முதல் கட்டத்தில் 3 என்று எழுதினேன். விடை ஒன்றாயிற்று. ஏன் என்பதை நீங்களே சரிபாருங்கள்.

ஒரே விடை என்பது புதிர் அமைப்பவர் தரும் வாக்குறுதி. அதைக் காப்பது எளிதன்று. சாதாரண சுடோகுவில் ஒரே விடை கிடைக்கக் குறைந்தது 17 எண்கள் தரப்பட வேண்டும் என்பதைக் கணிப்பொறியின் துணையோடுதான் 2012-இல் டப்ளினில் கேரி மெக்வயர் குழுவினர் காட்டினர்.

புதிய விதி வெறும் அலங்காரமாகவும் இருக்கக்கூடாது. கட்டங்களுக்கு வண்ணம் பூசினால் புதிர் புதிதாகிவிடாது. எந்த விதியைச் சேர்த்தால், முன்பே தந்த எண்களில் சிலவற்றை அழித்துவிட முடிகிறதோ, அதுவே வேலை செய்யும் விதி. 2020-இல் மிட்செல் லீ என்பவர் அமைத்த புதிரில் இரண்டே எண்கள் தரப்பட்டிருந்தன. சதுரங்கத்தின் ராஜாவும் குதிரையும் ஒரு நகர்வில் எட்டும் கட்டங்களில் அதே எண் வரக்கூடாது. பக்கத்துக் கட்டங்களில் அடுத்தடுத்த எண்கள் வரக்கூடாது. மீதியை இவ்விதிகளே பார்த்துக்கொண்டன.

"இதெல்லாம் தேர்வுக்கு உதவுமா?" என்று வீட்டில் கேட்கலாம். 'வேறு விடை இல்லை' என்று காட்டுவதற்கு நிறுவல் என்று பெயர். அதை நீங்கள் விளையாட்டாகவே கற்றுவிடுகிறீர்கள்.

சரி, யார் இதை விடுவிப்பார்கள்? சுடோகுவின் கதையையே பாருங்கள். அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஹோவார்ட் கார்ன்ஸ் அமைத்ததாகக் கருதப்படும் புதிர் 1979-இல் ஒரு புதிர் இதழில் வெளிவந்தது. 1984-இல் ஜப்பானின் நிகோலி நிறுவனம் அதை எடுத்துக்கொண்டது. 1997-இல் டோக்கியோ புத்தகக்கடை ஒன்றில் அதைக் கண்ட வெய்ன் கூல்ட் என்ற ஓய்வுபெற்ற நீதிபதி, புதிர்களை ஆக்கும் கணிப்பொறி நிரலை எழுதினார். 2004-இல் லண்டன் 'டைம்ஸ்' நாளிதழில் வந்த பிறகே உலகம் அதைக் கவனித்தது. கார்ன்ஸ் 1989-லேயே காலமாகிவிட்டார்.

ஆகவே உடனே பெருங்கூட்டத்தைத் தேடாதீர்கள். பக்கத்தில் அமரும் நண்பரிடம் கொடுங்கள். உதவி செய்யாமல், அவர் பென்சில் எங்கே நிற்கிறது என்று மட்டும் கவனியுங்கள். ஊகித்துத்தான் மேலே போக முடிகிறது என்றால் குறை புதிரில்தான், நண்பரிடம் அன்று. திருத்தி எழுதுங்கள். பிறகு வகுப்புச் சுவரில் ஒட்டுங்கள். இரண்டு தாள்களுடன் யாராவது வந்து நின்றால் வருந்தாதீர்கள். உங்கள் புதிரை உண்மையாகவே படித்த ஒருவர் கிடைத்துவிட்டார் அல்லவா?