குடியிருப்புப் பகுதி இணைய இணைப்புகளின் வேகத்தைச் சீராக்கக் கோரும் மனு

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்.

நகல்: நகராட்சி ஆணையர், மின்வாரியச் செயற்பொறியாளர், மத்திய தொலைத்தொடர்புத் துறையின் தமிழ்நாட்டு அலுவலகம்.

பொருள்: வீட்டு ஃபைபர் இணைப்புகளில் மாலை நேர வேகக் குறைவு, அடிக்கடி ஏற்படும் துண்டிப்பு ஆகியவற்றைக் களைதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

நகரின் புறவழிச்சாலைக்கு மேற்கே உள்ள தெருக்களின் குடியிருப்போர் நலச் சங்கம் சார்பில் இம்மனுவைச் சமர்ப்பிக்கிறோம். எங்கள் பகுதியில் பெரும்பாலான வீடுகள் 100 எம்பிபிஎஸ் திட்டத்துக்குப் பணம் கட்டுகின்றன. விடியற்காலையில் அந்த வேகம் கிடைக்கிறது. பிள்ளைகள் படிக்க உட்காரும், அமெரிக்க நேரத்துக்கு வேலை பார்ப்பவர்கள் மீட்டிங்கில் நுழையும் மாலை ஏழு மணிக்கு மேல் அதில் கால் பங்குகூடத் தேறுவதில்லை. மழைக்கால்வாய்க்குப் பள்ளம் தோண்டினால் அந்தக் கால் பங்கும் போய்விடும்.

இதுபோன்ற புகாருக்கு நிறுவனங்களிடம் எப்போதும் தயாராக இருக்கும் பதில், "உங்கள் வீட்டு வைஃபைதான் சரியில்லை" என்பது. அதில் ஓரளவு உண்மையும் உண்டு என்பதால், முதலில் எங்கள் பக்கத்தைச் சரிசெய்துகொண்டோம். பீரோவுக்குப் பின்னாலும் பரணிலும் கிடந்த ரூட்டர்கள் கூடத்துக்கு வந்தன. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றே இருப்பதால், நெருக்கமான அடுக்ககங்களில் பக்கத்து வீட்டு ரூட்டரே நம் வேகத்தைத் தின்றுவிடும். முடிந்தவர்கள் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறினார்கள். எட்டு இழைகளுக்குப் பதில் நான்கு இழைகள் மட்டும் இணைக்கப்பட்ட லேன் கேபிள் எந்தத் திட்டத்தையும் 100 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் போகவிடாது என்பதால், 200, 300 திட்டம் வைத்திருந்தவர்கள் கேபிளையும் மாற்றினார்கள். இத்துடன் இணைத்துள்ள அளவீடுகள் அனைத்தும் இதற்குப் பிறகு, வைஃபையை அணைத்துவிட்டு, கணினியை மோடத்தில் நேரடியாகச் செருகி எடுக்கப்பட்டவை. ஆகவே மீதமுள்ள குறை எங்கள் வாசலுக்கு வெளியே, அரசுத் துறைகளின் கையெழுத்து தேவைப்படும் இடங்களில்தான் இருக்கிறது.

முதலாவது, தெரு தோண்டும் வேலை. எங்கள் முக்குக் கம்பத்தை அதிகாரிகள் ஒருமுறை வந்து பார்க்க வேண்டுகிறோம். மூடி போன இணைப்புப் பெட்டி, அதற்குள் எறும்புப் புற்று, வெளியே இன்சுலேஷன் டேப் சுற்றிய ஜாயின்ட்டுகள். அவற்றில் ஒன்று மழைக்குப் பயந்து பாதியாக வெட்டிய தண்ணீர் பாட்டிலுக்குள் தொங்குகிறது. ஒவ்வொரு ஜாயின்ட்டும் ஒரு பொக்லைன் வந்துபோனதற்கான சாட்சி. முறையான ஸ்பிளைசிங் மெஷினில் ஒட்டினால் ஒரு ஜாயின்ட்டில் இழக்கும் ஒளி மிகச் சொற்பம். அவசரத்துக்குக் கையால் பொருத்திய ஜாயின்ட்டுகள் நாலைந்து சேர்ந்தால் கதை வேறு. வீட்டு மோடத்துக்கு வந்துசேரும் ஒளியின் அளவு ஏறத்தாழ மைனஸ் 27 டிபிஎம்முக்குக் கீழே இறங்கினால் மோடத்தால் அதைச் சரியாகப் படிக்க முடியாது. அப்போது வேகம் படிப்படியாகக் குறைவதில்லை. தகவல் பொட்டலங்கள் தொலைந்து, வீடியோ உறைந்து, சிவப்பு விளக்கு எரிந்து, பிறகு தானாகவே உயிர் வரும். லைன்மேன் வந்து சேரும்போது எல்லாம் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும். "இப்ப வருதே சார்" என்று சொல்லிவிட்டுப் போவார். அவர் மேல் குற்றமில்லை.

தோண்டுவதற்கு முன் கேபிள்காரருக்குத் தகவல் சொல்ல 2023 மார்ச்சிலேயே மத்திய அரசு 'கால் பிஃபோர் யூ டிக்' செயலியை வெளியிட்டிருக்கிறது. 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டத்தின் கீழ் வகுக்கப்பட்ட வழியுரிமை விதிகளும் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டன. ஆனால் எங்கள் தெருவில் தோண்ட வந்த ஒப்பந்ததாரரின் ஆட்களுக்கு அந்தச் செயலியின் பெயரே தெரியவில்லை. நகராட்சி, குடிநீர், மின்சாரம் என எத்துறைப் பணியானாலும் செயலியில் பதிந்த எண் இல்லாமல் பணி ஆணை வழங்கக் கூடாது என்றும், அறுந்த கேபிளை முறையாக ஒட்டித் தரும் செலவை அறுத்தவரின் பில்லில் கழிக்க வேண்டும் என்றும் ஆணையிடக் கோருகிறோம். அதைவிட மலிவான வழி ஒன்றும் உண்டு: எப்படியும் மழைக்கால்வாய் கட்டப்போகிறார்கள், அதே பள்ளத்தில் கால்வாய்ச் சுவரை ஒட்டி ஒரு காலி பிளாஸ்டிக் குழாயைப் பதித்துவிட்டால் இனி எந்த நிறுவனமும் தெருவைத் தோண்ட வேண்டாம், வாடகை நகராட்சிக்கே வரும். சென்னையிலிருந்து அந்தமானுக்குக் கடலுக்கடியில் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் கேபிள் பதித்து 2020-இல் சேவை தொடங்கிய நாட்டில், முக்குக் கம்பத்திலிருந்து வீட்டுத் திண்ணைவரை ஒரு கம்பியைப் பத்திரமாகக் கொண்டுவர முடியாது என்று யாராவது சொன்னால் நம்புவதற்கு நாங்கள் தயாராக இல்லை.

இரண்டாவது, மாலை நேர நெரிசல். வீட்டு ஃபைபரில் பரவலாக உள்ள ஜிபான் தொழில்நுட்பத்தில் ஓர் இழையின் சுமார் 2.5 ஜிகாபிட் வேகத்தை 32 அல்லது 64 வீடுகள் பகிர்ந்துகொள்கின்றன. எல்லோரும் ஒரே நொடியில் முழு வேகத்தில் இழுப்பதில்லை என்பதால் இந்தப் பகிர்வில் தவறில்லை. உண்மையான சுருக்கம் அதற்கு மேலே இருக்கிறது: உள்ளூர் ஆபரேட்டர் தன் எல்லா இணைப்புகளுக்கும் சேர்த்து மேல்நிலை நிறுவனத்திடமிருந்து வாங்கும் கொள்ளளவு. இணைப்புகள் ஏறிக்கொண்டே போகும்போது அது ஏறாமல் நின்றால் மாலையில் எல்லோரும் தவிக்க வேண்டியதுதான். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2009-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், வீட்டு இணைப்புகளில் ஐம்பது பேருக்கு மேல் ஒரே கொள்ளளவைப் பகிரக் கூடாது என்றது. உச்ச நேரத்திலும் இணைப்பின் பயன்பாடு 80 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது அதன் 2006-ஆம் ஆண்டுச் சேவைத் தர ஒழுங்குமுறையிலேயே இருந்தது.

இதைக் கேட்டால் வேறொரு பதில் வருகிறது. 'பிராட்பேண்ட்' எனப்படுவதற்கான குறைந்தபட்ச வேகம் 2004-இல் 256 கேபிபிஎஸ், 2013-இல் 512 கேபிபிஎஸ், 2023 ஜனவரி முதல் 2 எம்பிபிஎஸ். அதற்கு மேல் தருகிறோமே என்கிறார்கள். 2022-க்குள் ஒவ்வொரு குடிமகனுக்கும் 50 எம்பிபிஎஸ் என்று 2018-ஆம் ஆண்டின் தேசிய டிஜிட்டல் தொடர்புக் கொள்கை இலக்கு வைத்தது. நாங்கள் கேட்பது அந்த இலக்கைக்கூட அல்ல, பணம் கட்டிய திட்டத்தை. ஆகவே எங்கள் பகுதியில் சேவை தரும் ஒவ்வொரு நிறுவனமும் மாலை 7 முதல் 11 மணி வரையிலான பயன்பாட்டு அளவை மாதந்தோறும் தொலைத்தொடர்புத் துறை அலுவலகத்துக்கு அளிக்கவும், அது பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படவும் பரிந்துரைக்க வேண்டுகிறோம்.

மூன்றாவது, மின்கம்பங்கள். அனுமதியின்றித் தாழத் தொங்கும் கேபிள்களை அகற்றுவது நியாயமே. லாரி இழுத்து ஒருவர் விழுந்தால் யார் பொறுப்பு? ஆனால் முன்னறிவிப்பின்றி மொத்தமாக வெட்டிப் போடும்போது வாடகை கட்டி முறையாகக் கட்டியதும் சேர்ந்தே போகிறது. ஒரு வார அவகாசமும், அனுமதி பெற்ற கேபிளுக்கு அடையாளப் பட்டையும் போதும்.

நான்காவது, புதிய அடுக்ககங்கள். கட்டுநர் ஒரே நிறுவனத்துடன் பேசி முடித்துவிட்டு மற்றவர்களை உள்ளே விடாததால், குறையைக் கேட்டாலும் மாறிக்கொள்ள வேறு இணைப்பு இல்லை. கட்டடங்களை அவற்றின் இணைய வசதியைக் கொண்டு தரப்படுத்த டிராய் 2024-இல் ஒழுங்குமுறை கொண்டுவந்திருக்கிறது. கட்டட வரைபட அனுமதியின்போதே எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான கேபிள் குழாயை நகராட்சி வலியுறுத்தலாம்.

ஐந்தாவது, புகார். ஆபரேட்டரின் கைபேசிக்குச் சொல்லும் புகாருக்கு எண் கிடைப்பதில்லை. எண் இல்லாவிட்டால் நிறுவனத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்குப் போக முடியாது. போனால் அவர் 39 நாளில் தீர்வு சொல்லியாக வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. மூன்று வேலைநாளைத் தாண்டிய பழுதுக்கு 7 நாள் வாடகையையும், ஏழு நாளைத் தாண்டினால் 15 நாள் வாடகையையும், பதினைந்தைத் தாண்டினால் ஒரு மாத வாடகையையும் கழிக்க வேண்டும் என்று அதே 2006 ஒழுங்குமுறை வகுத்தது. எங்கள் உறுப்பினர் எவர் பில்லிலும் அப்படி ஒரு கழிவு வந்ததில்லை. 2024 அக்டோபர் 1 முதல் நடப்பில் உள்ள புதிய தர ஒழுங்குமுறையின்படி இப்போது என்ன கழிவு என்பதைத் தமிழில் அச்சிட்டு, ஒவ்வொரு ஆபரேட்டர் அலுவலகத்திலும் ஒட்டச் செய்ய வேண்டும்.

தொலைத்தொடர்பு மத்திய அரசின் அதிகாரத்துக்கு உட்பட்டது என்பதையும், வேகத்தைக் கூட்டு என்று எந்த நிறுவனத்துக்கும் தாங்கள் நேரடியாக ஆணையிட இயலாது என்பதையும் அறிவோம். தெரு, கம்பம், கட்டட அனுமதி ஆகிய மூன்றும் மாநில அரசின் துறைகளிடமும் உள்ளாட்சியிடமும் உள்ளவை. அத்துறைகளையும் சேவை நிறுவனங்களையும் ஒரே மேசைக்கு அழைக்கத் தங்களால் முடியும். ஒரு மாதத்துக்குள் கூட்டாய்வு ஒன்றுக்கு உத்தரவிட வேண்டுகிறோம். அதை இரவு எட்டு மணிக்கு வைக்க வேண்டும் என்பது எங்கள் தனிக் கோரிக்கை. காலை பதினொரு மணிக்கு வந்தால் எல்லாம் நன்றாகவே ஓடும்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்,
குடியிருப்போர் நலச் சங்கம்.

இணைப்பு: வேக அளவீட்டுப் பதிவுகள், கம்பத்தின் புகைப்படங்கள், உறுப்பினர் கையொப்பங்கள்.