விதைநெல் யாருக்கு?

காலை ஷிப்டுக்குக் கும்மிடிப்பூண்டி ரயிலிலே தொங்கிக்கொண்டு போகிற தோழனிடம், "பல்கலைக் கழகத்திலே ஆராய்ச்சிப் பணத்தை எப்படிப் பங்கிடுகிறார்கள், தெரியுமா?" என்று கேட்டால் சிரிப்பான். "அண்ணே, எனக்குச் சம்பளத்தைப் பங்கிடவே நேரமில்லை. இதிலே பேராசிரியர் பணத்தைப் பற்றி நான் எதற்குக் கவலைப்பட வேண்டும்?" என்பான்.

கவலைப்படத்தான் வேண்டும், தோழா! உருக்கு ஆலையிலே நீ உள்ளே இழுக்கிற தூசு, உன் நெஞ்சிலே பத்தாண்டுக்குப் பிறகு என்ன செய்யும்? உன் வீட்டுக் குழாயிலே வருகிற தண்ணீரிலே என்ன கலந்திருக்கிறது? பழவேற்காட்டு ஏரியிலே மீன் பாடு ஏன் குறைகிறது? அத்திப்பட்டிலே அனல்மின் நிலையச் சாம்பல் கொசஸ்தலை ஆற்றை என்ன செய்திருக்கிறது? இந்தக் கேள்விகளுக்கெல்லாம் ஆலை முதலாளி பதில் தேடித் தரமாட்டார். ஆராய்கிறவன் ஒருவன் வேண்டும். அவனுக்குக் கையிலே கொஞ்சம் காசு வேண்டும். அந்தக் காசு எங்கே போகிறது என்பதுதான் நம் கேள்வி.

2023 ஆகஸ்டு. டில்லி நாடாளுமன்றத்திலே ஒரு மசோதா. தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளையாம், பெயர் 'அனுசந்தான்'. பெயரிலேயே வடமொழி மணக்கிறது, போகட்டும். மசோதாவைக் கொண்டு வந்த அமைச்சர் ஜிதேந்திர சிங், தம் வாயாலேயே ஓர் உண்மையைச் சொன்னார். அதுவரை இருந்த வாரியத்தின் நிதியிலே 65 விழுக்காடு ஐ.ஐ.டி.களுக்குப் போயிற்றாம். நாட்டிலே முந்நூறுக்கு மேற்பட்ட மாநிலப் பல்கலைக் கழகங்களுக்குக் கிடைத்ததோ 11 விழுக்காடு!

நாம் சொல்லவில்லை, அவர்களே சொன்னார்கள். அள்ளிக் கொடுத்தது அங்கே, கிள்ளிக் கொடுத்தது இங்கே! ஏழை எளியவன் பிள்ளை படிப்பது எங்கே? கிண்டி ஐ.ஐ.டி. வாசலிலா, பொன்னேரி அரசினர் கல்லூரி வாசலிலா?

சரி, புதிய அறக்கட்டளை நோயைத் தீர்த்ததா? ஐந்தாண்டுக்கு 50,000 கோடி என்று முரசறைந்தார்கள். உற்றுப் பார்த்தால், சர்க்கார் தருவது 14,000 கோடி. மிச்சம் 36,000 கோடி தனியாரிடமிருந்தும் பிறரிடமிருந்தும் வருமாம். ஆலைக்காரர் கொடுக்கிற பணத்திலே ஆலைப் புகையை ஆராய்வதற்கு எத்தனை ரூபாய் மிஞ்சும் என்று கணக்குப் போட, நமக்குப் பட்டம் வேண்டியதில்லை. அடுத்து வந்த ஒரு திட்டத்திலே, தரவரிசையில் முன்னே நிற்கும் பெரிய நிறுவனம் சக்கரத்தின் குடமாம்; பின்தங்கியவை ஆரக்கால்களாம். குடத்திலே மை ஊற்றுவார்கள், ஆரக்கால் சேற்றிலே சுழல வேண்டும்!

டில்லியை மட்டும் சாடிவிட்டுப் போனால் அது பாதி நியாயம்தான். 1857-லே பிறந்த சென்னைப் பல்கலைக் கழகத்தின் வங்கிக் கணக்குகளை 2024 பிப்ரவரியிலே வருமான வரித் துறை முடக்கியது. 37 கணக்குகள். கேட்ட வரி 424 கோடி. காரணம் என்ன தெரியுமா? பல்கலைக் கழகத்தின் வருவாயிலே மாநில சர்க்காரின் மானியம் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டதால், அது அரசு நிதியால் நடக்கும் நிறுவனமே அல்ல என்று வாதாடினார்கள். வரி கேட்டவர்கள் டில்லிக்காரர்கள். அப்படிக் கேட்க வழி திறந்துவிட்டது யார்? கோட்டையிலே எவர் கொலுவிருந்தாலும், மானியத்தை ஆண்டுக்காண்டு இறுக்கிய கை இங்குள்ள கைதானே! சம்பளத்துக்கே கையைப் பிசைகிற பல்கலைக் கழகம், தன் ஆசிரியருக்கு ஆராய்ச்சிக்கென்று எதை எடுத்துக் கொடுக்கும்?

கொடுக்கிற கொஞ்சமும் எப்படிப் பங்கிடப்படுகிறது? கல்லூரிக்கு மதிப்பெண் போடுகிற 'நாக்' குழு, "உங்கள் ஆசிரியருக்கு விதைப்பணம் கொடுக்கிறீர்களா?" என்று கேட்டுப் புள்ளி போடுகிறது. ஆகவே புள்ளிக்காகவாவது அறிவிப்பு வரும். விண்ணப்பம் போட வேண்டும். எத்தனை கட்டுரை அச்சேறியது? எந்த இதழிலே? முன்பு எத்தனை லட்சம் வாங்கினாய்? முன்பு வாங்கியவனுக்கு மறுபடியும் கிடைக்கும், வாங்காதவனுக்கு, "வாங்கியதில்லையே, எப்படி நம்புவது?" என்ற பதில் கிடைக்கும். இதை 1968-லேயே அமெரிக்கச் சமூகவியலார் ராபர்ட் மெர்ட்டன் எழுதிவிட்டார். 'மத்தேயு விளைவு' என்று பெயரும் வைத்தார், உள்ளவனுக்கே மேலும் சேரும் கதை. நம்மூர்ச் சம்சாரி இதைக் கேட்டால் சிரிப்பான். விளைந்து நிற்கிற வயலிலேயே விதைநெல்லைக் கொட்டுவானா எவனாவது?

வெளிநாட்டிலே சிலர் விழித்துக்கொண்டார்கள். நியூசிலாந்தின் சுகாதார ஆராய்ச்சிக் கழகம் 2013 முதல் ஒரு வகை மானியத்துக்குச் சீட்டுக் குலுக்குகிறது. தகுதியான விண்ணப்பம்தானா என்று மட்டும் பார்ப்பது, பிறகு குலுக்கல்! சுவிட்சர்லாந்தின் தேசிய அறிவியல் நிதியம், சமமாக நிற்கிற விண்ணப்பங்களுக்கிடையே சீட்டு எடுக்கிறது. பிரிட்டிஷ் அகாடமி 2022-லே சிறு மானியங்களுக்கு இதே வழியைப் பிடித்தது. பெரியவர் சிபாரிசுக்கும் பேர்பெற்ற ஊருக்கும் அங்கே வேலை இல்லை.

உடனே நம்மிலே சிலர் மார்தட்டுவார்கள்: "குடவோலை! உத்திரமேரூர்! பராந்தக சோழன் காலத்திலேயே நாம் கண்ட முறை!" உண்மை, கண்டோம். ஆனால் கல்வெட்டை முழுதும் படிக்க வேண்டாமா? குடத்திலே ஓலை போட யாருக்கு உரிமை? கால் வேலி நிலமாவது வேண்டும். சொந்த மனையிலே வீடு வேண்டும். வேதம் தெரிந்திருக்க வேண்டும். ஒரு வேதத்தை முற்றக் கற்றவனுக்கு அரைக்கால் வேலியே போதும் என்று சலுகை! குலுக்கியவன் கையிலே சூது இல்லைதான். ஆனால் உழுதவன் பெயர் குடத்துக்குள்ளேயே போகவில்லையே!

இன்றைய குடத்தைப் பாருங்கள். 2022 செப்டம்பரிலே பல்கலைக் கழக மானியக் குழு, புதிதாகச் சேர்ந்த ஆசிரியருக்கு ஆளுக்கு 10 லட்சம் ஆராய்ச்சி மானியம் என்று அறிவித்தது. எத்தனை பேருக்கு? இந்தியா முழுமைக்கும் 132 பேருக்கு! அதுவும் நிரந்தரப் பணியிலே உள்ளவர்க்கு. தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளிலே கரும்பலகை முன்னே நிற்கிறவர்களிலே ஏழாயிரத்துக்கு மேற்பட்டோர் கௌரவ விரிவுரையாளர்கள். பெயரிலே கௌரவம்; பையிலே, 2023-லே 20,000-லிருந்து உயர்த்தப்பட்டும் 25,000. மானியக் குழுவே 2019-லே 50,000 வரை தரலாம் என்று சொல்லியிருந்தது. முனைவர் பட்டம் பெற்றவர்கள் பலர். ஆரணியாற்றங்கரையிலே, கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் பக்கத்திலே, அந்த மண்ணையும் மக்களையும் அறிந்தவர்கள். இவர்கள் ஓலை எந்தக் குடத்திலும் விழாது. ஒப்பந்தத் தொழிலாளி என்றால் என்ன என்று உனக்கு நாம் விளக்க வேண்டியதில்லை, தோழா; நீ இயந்திரத்தருகே ஒப்பந்தம், உன் மகனின் ஆசிரியர் கரும்பலகையருகே ஒப்பந்தம்!

கோடி கேட்கவில்லை நாம். கிணற்று நீரை மாதந்தோறும் எடுத்துச் சோதிக்க, ஐந்நூறு தொழிலாளர் வீட்டுக் கதவைத் தட்டி மூச்சு நோயைக் கணக்கெடுக்க, சில லட்சம் போதும். பெரிய ஆய்வுக்கூடத்துக்கு வாங்குகிற ஒரு கருவியின் விலையிலே இப்படிப் பல ஆய்வு நடக்கும். இந்தியா தன் மொத்த உற்பத்தியிலே 0.64 விழுக்காடுதான் ஆராய்ச்சிக்குச் செலவிட்டது, 2020-21 கணக்குப்படி. சீனா 2.4. தென்கொரியா 4.8. குடமே சிறிது, அதிலும் கை நுழையாதபடி வாயைக் குறுக்கி வைத்திருக்கிறார்கள்.

சட்டமன்றத்திலே உயர்கல்வி மானியக் கோரிக்கை வரும்போது மூன்றே கேள்வி கேட்கப்பட வேண்டும். அரசுக் கல்லூரி ஆசிரியருக்கு இந்த ஆண்டு ஆராய்ச்சிக்கு எத்தனை ரூபாய்? அதிலே கௌரவ விரிவுரையாளருக்கு இடம் உண்டா? தொழிற்பேட்டை மக்களின் நீரையும் நெஞ்சையும் ஆராய எத்தனை விண்ணப்பம் ஏற்கப்பட்டது, எத்தனை தள்ளப்பட்டது, யார் தள்ளினார்கள்? பொன்னேரி, கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர், ஆவடி கிளைத் தோழர்கள் இந்த வாரக் கூட்டத்திலேயே இதைத் தீர்மானமாக்கி, தங்கள் தொகுதி உறுப்பினர் கையிலே நேரிலே கொடுங்கள். கொடுத்த தேதியைக் குறித்து வையுங்கள்.