விளக்கு எரிந்தால் பேட்டரியா?

டேஷ்போர்டில் எரியும் அந்தச் சிவப்பு விளக்குக்கு பேட்டரிப் படத்தைப் போட்டவர் யாரோ தெரியாது. பேட்டரிக் கடைக்காரர்கள் அவருக்கு ஒரு மாலை போடலாம். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது அது எரிந்தால், பேட்டரிக்கு வரவேண்டிய மின்சாரம் சரியாக வரவில்லை. அதைத்தான் விளக்கு சொல்கிறது. நாம் படத்தைப் பார்க்கிறோம், நேரே போய் பேட்டரி வாங்குகிறோம்.

பக்கத்து வீட்டு அக்காவும் அதைத்தான் செய்தார். ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் மாமாவைக் காட்டிவிட்டு ஆயர் தாவாருக்குத் திரும்பும்போது, போத்தா பாலம் தாண்டியதும் பழைய புரோட்டான் சாகாவில் விளக்கு எரிந்திருக்கிறது. மறுநாளே இருநூறு வெள்ளிக்குப் புது பேட்டரி. விளக்கு அணையவில்லை. "புதுசும்மா, கொஞ்சம் ஓடட்டும், அணைஞ்சிரும்" என்றாராம் விற்றவர். வண்டி ஓடத்தான் செய்தது, பேட்டரியில் இருந்த சரக்கு தீரும்வரை. பிறகு பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடப் போன வழியில் நின்றுவிட்டது.

நான் ஒரு வயர்மேனை அழைத்து வந்தேன். தோட்டத்து டிராக்டர்களிலும் லோரிகளிலும் கை பழகியவர். தோட்டம் துண்டாடப்பட்டபின் வீட்டு முன்னாலேயே தகரக் கொட்டகை போட்டுப் பிழைக்கிறார். வந்ததும் சாமானைக் கழற்றவில்லை. வேறொரு பேட்டரியிலிருந்து வயர் கொடுத்து ஸ்டார்ட் செய்தார், வயரை எடுத்துவிட்டு மீட்டரை வைத்தார். ஓடும் எஞ்சினில் 13.8க்கும் 14.5 வோல்ட்டுக்கும் நடுவில் காட்ட வேண்டும். 12கூட இல்லை. ஆக்ஸிலேட்டரை மிதிக்கச் சொன்னார், முள் அசையவில்லை. எஞ்சினை நிறுத்தி பெல்ட்டைக் கட்டைவிரலால் அமுக்கினார், இறுக்கமாக இருந்தது. ஆல்டர்னேட்டரின் பின்னால் வரும் வயர்களை ஆட்டிப் பார்த்தார். மறுபடி வயர் கொடுத்து ஓடவிட்டு, ஸ்குரூ டிரைவரின் கைப்பிடியால் ஆல்டர்னேட்டர் முதுகில் லேசாக இரண்டு தட்டு. விளக்கு அணைந்து மறுபடி எரிந்தது.

"கார்பன் முடிஞ்சிருச்சு" என்றார்.

ஆல்டர்னேட்டருக்குள் சுழலும் சுருளுக்கு மின்சாரம் கொடுப்பவை இரண்டு சிறு கார்பன் துண்டுகள். ஸ்பிரிங் அவற்றைத் தள்ளிக்கொண்டே இருக்கும். ஆண்டுக்கணக்கில் உராய்ந்து தேய்ந்து ஒருநாள் எட்டாமல் போய்விடும். தட்டினால் ஒரு கணம் தொடும். இரண்டையும் மாற்றிச் சாலிடர் வைத்ததும் மீட்டர் 14.2 காட்டியது. கூலி அறுபது வெள்ளி.

"இத்தனூண்டு கரிக்கு அறுபதாண்ணே?" என்றார் அக்கா. நாற்பதில் முடிந்தது.

இருநூறு வெள்ளி பேட்டரிக்குப் பேரம் பேசாதவர் அவர். அவரை மட்டும் சொல்வானேன், நாம் எல்லாருமே அப்படித்தான். கையில் தூக்கிப் பார்க்கிற சாமானுக்குக் கேட்ட விலை கொடுப்போம். ஒருவர் அரை மணி நேரம் பார்த்து, யோசித்து, எங்கே பழுது என்று கண்டுபிடித்தால் அதற்குக் காசு கேட்க அவருக்கே கூச்சமாக இருக்கும்படி வைத்திருக்கிறோம். அப்புறம் ஃபோமன் என்ன செய்வார்? சாமானை மாற்றுகிறார். முதலில் பேட்டரி, போகவில்லையா, ரீகோன் ஆல்டர்னேட்டர். சரியானால் கெட்டிக்காரர். காசு நம்முடையது.

பேட்டரியும் கெடும்தான். நம் ஊர் வெயிலிலும் எஞ்சின் சூட்டிலும் பல பேட்டரிகள் இரண்டு ஆண்டு தாண்டுவதே பெரிது. ஆனால் அது பெரும்பாலும் காலையில் ஸ்டார்ட் செய்யும்போதே முனகிக் காட்டிக்கொடுத்துவிடும்.

இன்னொரு வித்தையும் இங்கே நடக்கிறது. எஞ்சின் ஓடும்போதே பேட்டரி டெர்மினலைப் பிடுங்குவது; நின்றுவிட்டால் ஆல்டர்னேட்டர் போச்சு என்பது. துரைமார் மோரிஸ் ஓட்டிய டைனமோ காலத்திலோ, 1985இல் வந்த கார்புரேட்டர் சாகாவிலோ அது தப்பித்திருக்கலாம். இன்றைய வண்டியில் வோல்டேஜ் சட்டென்று எகிறி ஈசியூ என்ற கம்ப்யூட்டரையே சுட்டுவிடக்கூடும். யாராவது ஸ்பேனரோடு அந்தப் பக்கம் போனால் கையைப் பிடியுங்கள்.

வழியில் விளக்கு எரிந்தால் முதலில் சூடு காட்டும் முள்ளைப் பாருங்கள். பல வண்டிகளில் தண்ணீர்ப் பம்பையும் சுற்றுவது அதே பெல்ட்தான். அது அறுந்திருந்தால் சூடும் ஏறும், உடனே நிறுத்த வேண்டும். சூடு ஏறாவிட்டால் ஏர்கோனையும் ரேடியோவையும் அடைத்துவிட்டு, எஞ்சினை நிறுத்தாமல் பக்கத்து ஊரைப் பிடிக்கலாம். பகலில் நல்ல பேட்டரி பெரும்பாலும் அதுவரை தாங்கும். இரவில் கஷ்டம்: ஹெட்லைட் இரண்டும் மட்டுமே ஒன்பது ஆம்பியர் போலக் குடிக்கும், மழை வந்து வைப்பரும் சேர்ந்தால் கணக்கு இன்னும் சுருங்கும். மைவி மாதிரி மின்சார ஸ்டீரிங் உள்ள வண்டியில் ஸ்டீரிங்கும் கனத்துப்போகலாம்.

பழைய கார் வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று. பழைய வண்டிகளில் அந்த விளக்கின் ஒரு பக்கம் சாவி வழியாகவும் மறுபக்கம் ஆல்டர்னேட்டரிலிருந்தும் மின்சாரம் வருகிறது. இரண்டும் சமமானால் விளக்கு அணையும். ஆகவே ஸ்டார்ட் செய்யுமுன் சாவியைத் திருப்பினால் அது எரிந்தே ஆகவேண்டும். எரியாவிட்டால் பல்ப் போயிருக்கலாம், யாராவது கழற்றியும் வைத்திருக்கலாம். சந்தேகம் வந்தால் வயர்மேனைக் கூட்டிப் போங்கள். பார்த்ததற்கு ஐம்பது வெள்ளியாவது கொடுங்கள். ஒரு தே தாரிக்கோடு அனுப்பிவிடாதீர்கள்.