“கூகிள் பண்ணிப் பாரு” என்று சொல்ற காக்காமாருக்கு

ஏ.எல் படிக்கிற பிள்ளையொன்று வொட்ஸ்அப் குறூப்பில் கேள்வி போடுது. பைதனில் பத்து வரி, எரர் வருது, போனால எடுத்த மங்கலான போட்டோ ஒன்று. கொஞ்ச நேரத்தில மூன்று பதில் வருது. ஒன்று, “கூகிள் பண்ணிப் பாரு”. அடுத்தது சிரிக்கிற இமோஜி. மூன்றாவது, “இதுவும் தெரியாம ஏன் ஐ.சி.டி எடுத்த?” மருதமுனையில இருந்து அக்கரைப்பற்று வரைக்கும் எங்கட ஊர்ப் பிள்ளைகள் இருக்கிற கம்பியூட்டர் குறூப்புகளில் இதைப் பார்த்துப் பார்த்து அலுத்துப் போய்த்தான் எழுதுகிறோம்.

கூகிளில் தேட முதலில் எந்தச் சொல்லைத் தேடுவது என்று தெரிய வேண்டும். தமிழ் மொழிமூலம் படித்த பிள்ளைக்கு ‘மாறி’ தெரியும், ‘பாய்ச்சற்கோட்டுப் படம்’ தெரியும். அந்தச் சொற்களைப் போட்டுத் தேடினால் என்ன கிடைக்கும் என்று நீங்களே ஒருக்கா தேடிப் பாருங்க. 2008இல் தொடங்கிய ஸ்டாக் ஓவர்ஃப்ளோ ஆங்கிலத்துக்குப் பிறகு ஸ்பானியம், போர்த்துக்கேயம், ரஷ்யன், ஜப்பான் மொழிகளில் தனித்தனித் தளம் திறந்தது. தமிழுக்கு அப்படி ஒன்றில்லை. தமிழில் கேட்கிற பிள்ளைக்கு மிஞ்சியிருக்கிறது எங்கட இந்தக் குறூப்புகள்தான். இங்கேயும் துரத்தினா அது எங்க போகும்?

“எங்களுக்கு ஆரு சொல்லித் தந்த? நாங்களாத்தானே படிச்சம்” என்பது சீனியர்மாருடைய வழமையான கதை. உண்மையிலேயே தானாகவே படித்த ஒருத்தரும் இல்லை. லினக்ஸைத் தந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 ஜூலையில், பின்லாந்தில் மாணவராக இருந்தபோது, மினிக்ஸ் பாவிப்பவர்களின் யூஸ்நெட் குழுவில் போசிக்ஸ் விதிமுறைகள் எங்கே கிடைக்கும் என்று கேட்டிருக்கிறார். அதுவும் ஒரு உதவிக் கேள்விதான். அதே ஆள் பிற்காலத்தில் கடுமையான மின்னஞ்சல்களுக்குப் பேர் போனவராகி, 2018 செப்டம்பரில் தன் நடத்தைக்கு மன்னிப்புக் கேட்டு, வேலையில இருந்து கொஞ்ச நாள் ஒதுங்கியும் இருந்தார். நம்மட காக்காமார் அவருடைய கடுமையை மட்டும் படித்துக்கொண்டார்கள் போல.

எரிக் ரேமண்ட் 2001இல் வெளியிட்ட, கேள்வியைப் புத்திசாலித்தனமாகக் கேட்பது எப்படி என்ற நீண்ட வழிகாட்டியைத் தூக்கிப் போடுறவர்களும் இருக்கிறார்கள். போடுங்க, நல்ல வழிகாட்டிதான். ஆனா அதைக் கடைசி வரை வாசிங்க. பதில் சொல்பவர்களுக்கும் அதில் ஒரு பகுதி இருக்கு. மென்மையாக நடந்துகொள்ளுங்கள் என்பதுதான் அங்கே முதல் வேண்டுகோள்.

கேட்கிறவர்களையும் நாங்கள் விடப் போவதில்லை. “காக்கா, வேல செய்யுதில்ல” என்பது கேள்வியே இல்லை. மருதமுனையில் தறி பழகுகிற ஒருத்தர் “தறி ஓடுதில்ல” என்று மட்டும் சொல்லிவிட்டு நிற்க ஏலாது, எந்த இடத்தில் நூல் அறுந்தது என்று காட்ட வேண்டும். பைதன் அந்த இடத்தைத் தானே காட்டித் தருகிறது. எரர் செய்தியின் கடைசி வரியில் என்ன பிழை என்று இருக்கும், அதற்கு மேலே எத்தனையாம் வரி என்று இருக்கும். அந்தக் கடைசி வரியை மட்டுமாவது டைப் பண்ணுங்க. நீங்க என்ன வருமென்று நினைச்சீங்க, என்ன வந்தது, இவ்வளவும் போதும்.

கோட்டை அப்படியே மெசேஜில் ஒட்டினால் இன்னொரு கரைச்சல். சில போன் கீபோர்டுகள் நேரான மேற்கோள் குறியை வளைந்ததாக மாற்றிவிடும், பைதன் அதை ஏற்காது. வரி முன்னால விட்ட இடைவெளி கலைந்தாலும் பிழைதான். இதெல்லாம் தெரியாமத்தான் பிள்ளைகள் போட்டோ எடுத்துப் போடுதுகள். வீட்டில லெப்டொப் இல்லாமல், லேப்பில் கிடைத்த அரைமணித்தியாலத்தில எடுத்த போட்டோ அது. அதைச் சோம்பல் என்பவர்களோடு எங்களுக்குக் கோபம்.

ஸலாம் விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். “அஸ்ஸலாமு அலைக்கும்” என்று போட்டுவிட்டுக் காத்திருக்காதீங்க. பதில் ஸலாம் கடமை என்பதால் இருபது பேர் “வஅலைக்கும் ஸலாம்” போடுவாங்க, கேள்வி மஃரிபுக்குப் பிறகுதான் வரும். ஸலாமையும் கேள்வியையும் ஒரே மெசேஜில் போடுங்க.

இந்த நக்கலுக்கு ஆகக் கூடுதலாக விலை கொடுக்கிறது பொம்புளப் பிள்ளைகள். நானூறு பேர் இருக்கிற குறூப்பில் தன் பேரோடு கேட்டு, அதற்கு ஒரு சிரிப்பு இமோஜி விழுந்தால் அந்தப் பிள்ளை திரும்பக் கேட்காது. தம்பிட நம்பரில கேட்கும், இல்லாட்டி கேள்வியையே விட்டுவிடும். அந்த இமோஜியை அழிக்க வேண்டியது அட்மின். “குறூப் என்றா அப்படித்தான்” என்று அட்மின் சொன்னால், அந்தப் பதவி அவருக்கு எதற்கு?

இப்ப பலர் சாட்ஜிபிடிக்கிட்டப் போறாங்க. அது பிழையான பதிலையும் நம்பிக்கையோட சொல்லும். அதனால்தான் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ 2022 டிசம்பரிலேயே அதில் எடுத்த பதில்களைத் தடை செய்தது. ஆனால் அது சிரிக்காது. பிள்ளைகள் அங்கே போவதற்கு அது போதும். அங்கே கேட்ட கேள்வியும் கிடைத்த பதிலும் அந்த ஒரு போனோடு முடிந்துவிடும், அடுத்த வருஷம் ஒலுவில் கெம்பஸுக்கோ ஏ.எல் வகுப்புக்கோ வருகிறவர் அதே பிழையில் விழுந்து திரும்ப முதலில் இருந்து தொடங்க வேண்டும். ஆகவே விடை கிடைத்தவங்க “சரி வந்துட்டு, ஜஸாக்கல்லாஹ்” என்பதோடு நிறுத்தாமல், எந்த வரியில் என்ன மாற்றினீங்க என்று தமிழிலேயே குறூப்பில் எழுதிவிட்டுப் போங்க.