கிராம சபைக்கு நீங்களும் போங்கள்!

குழந்தைகளே, உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பற்றிக் கேட்டால் உங்களில் பலர் மடமடவென்று ஒப்பிப்பீர்கள். முதலாம் பராந்தக சோழன் காலம், குடவோலை முறை, குடத்திலிருந்து ஓலையை எடுப்பவன் ஒரு சிறுவன்... எல்லாம் சரி. உங்கள் ஊர் கிராம சபை கடைசியாக எப்போது கூடியது? அதில் என்ன பேசினார்கள்? இப்படிக் கேட்டால் வகுப்பே அமைதியாகி விடும். ஆயிரம் ஆண்டுக்கு முந்தையது தெரிகிறது. அடுத்த தெருவில் நடப்பது தெரியவில்லை!

ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லாருமே கிராம சபை உறுப்பினர்கள்தான். பால்காரரும் உறுப்பினர், களை எடுக்கும் பாட்டியும் உறுப்பினர். தமிழகத்தில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் சபை கூடி வந்தது. 2022-ல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாட்களும் சேர்க்கப்பட்டன. ஊராட்சியின் வரவு செலவுக் கணக்கை அங்கே மக்கள் முன் வைக்க வேண்டும்.

குறைந்தது இத்தனை பேர் வர வேண்டும் என்று விதி உண்டு. இந்த எண்ணிக்கைக்காக, கூட்டம் தொடங்கும் முன்பே நோட்டில் கையெழுத்து வாங்கி விடுவதைப் பார்த்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டவர் அப்படியே வீட்டுக்குத் திரும்பி விடுவார். தீர்மானம் வாசிக்கும்போது மரத்தடியில் நாலைந்து பேர்தான் மிச்சம். கேட்டால், "நான் பேசி என்ன ஆகப் போகிறது?" என்பார்கள்.

என்ன ஆகும் என்பதற்கு ஒடிசாவில் ஓர் உதாரணம் இருக்கிறது. அங்கே நியாம்கிரி என்று ஒரு மலை. டோங்ரியா கோண்டு பழங்குடி மக்கள் அதைத் தெய்வமாக வணங்குகிறார்கள். மலை உச்சியில் அலுமினியம் தயாரிக்க உதவும் பாக்சைட் கிடக்கிறது. அதைத் தோண்டுவது பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. அந்த ஊர்களின் கிராம சபைகளைக் கேளுங்கள் என்று 2013 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. 12 ஊர்களில் சபை கூடியது. எல்லாம் மிகச் சிறிய ஊர்கள். ஆண்களும் பெண்களும் மாவட்ட நீதிபதி முன்னிலையில் எழுந்து பேசினார்கள். 12 சபைகளும் "வேண்டாம்" என்றன. 2014 ஜனவரியில் மத்திய அரசு அந்தச் சுரங்கத்துக்கு அனுமதி மறுத்து விட்டது.

எல்லா ஊர்த் தீர்மானமும் இப்படி ஜெயிப்பதில்லை. ஃபைலில் தூங்குபவை ஏராளம். ஆனாலும் தீர்மானம் என்று ஒன்று இருந்தால்தானே, அது என்ன ஆயிற்று என்று அடுத்த கூட்டத்தில் கேட்க முடியும்?

சபையில் பேசுவதைவிடக் கேட்பது பெரிய வேலை என்பேன். மேலத்தெருவுக்கு விளக்கு வேண்டும், கீழத்தெருவுக்குக் குழாய் வேண்டும், பணமோ ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கையைத் தூக்கச் சொல்லி எண்ணினால் ஆள் அதிகம் உள்ள தெரு ஜெயித்து விடும். குடத்தோடு எவ்வளவு தூரம் நடக்கிறோம் என்று கீழத்தெருப் பெண் ஒருவர் எழுந்து சொன்னால், மேலத்தெருக்காரரே "முதலில் குழாய் போடுங்கள்" என்று சொல்லக்கூடும்.

"சின்னப் பிள்ளைகளுக்கு அங்கே என்ன வேலை?" என்று சிலர் கேட்பார்கள். 18 வயது ஆகும்வரை நீங்கள் உறுப்பினர் ஆக முடியாது, உண்மைதான். ஆனால் பள்ளிக் கழிப்பறையில் தண்ணீர் வரவில்லை என்பது உங்களைவிட யாருக்கு நன்றாகத் தெரியும்? அம்மாவிடம் சொல்லி, சபையில் கேட்கச் சொல்லுங்கள். நகரத்துப் பிள்ளைகள் ஏமாற வேண்டாம். அங்கே பகுதி சபைகள் 2022 முதல் வந்திருக்கின்றன.

அம்மா நோட்டில் கையெழுத்துப் போடப் போகும்போது, "இரும்மா, என்ன எழுதியிருக்கிறது என்று படித்துச் சொல்கிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். வாசிக்கத் தெரிந்த பிள்ளை பக்கத்தில் நின்றால், எழுதுகிறவரும் கொஞ்சம் கவனமாகத்தான் எழுதுவார்!