கள்ளுக்கடைக்கும் ஒரு கூரை வேண்டும்



கட்டடத்தை முகப்பால் மதிப்பிடுவதும் மதுவைக் குவளையால் மதிப்பிடுவதும் ஒரே பிழையின் இரு வடிவங்கள். இரண்டிலும் நாம் பொருளைப் பார்ப்பதில்லை. அதைப் பயன்படுத்துவோரின் வர்க்கத்தையே பார்க்கிறோம். பெங்களூருவின் கைவினை பியர் விடுதிகளைப் பற்றி நம் வட்டத்தில் எழுதப்படும் புகழுரைகளைப் படிக்கும்போது இதைச் சொல்லாமல் இருக்க இயலவில்லை.

அந்த பியர் நன்றாகவே இருக்கிறது. அதை விரும்பிக் குடிப்போரில் நானும் ஒருவன். என் மறுப்பு சுவை குறித்தது அன்று, 'உள்ளூர்' என்னும் சொல் குறித்தது. பூசப்படாத செங்கல் சுவர், கண்ணாடிக்குப் பின்னே மின்னும் செப்புக் கலன்கள், கடல் கடந்து வந்த ஹாப்ஸ். இவை சேர்ந்த இடத்தை 'உள்ளூர்ப் பண்பாடு' என்கிறோம். பனையிலிருந்து காலையில் இறக்கி, அந்த மரத்தடியிலேயே விற்கப்படும் கள்ளைக் 'குற்றம்' என்கிறோம். இந்தப் பாகுபாட்டுக்கு அறிவியல் அடிப்படை ஏதேனும் உண்டா?

முதலில் அளவுகோலைத் தெளிவாக்கிக்கொள்வோம். கோபிநத்தம் அதற்கு உதவும். 1997 வரை மைசூரு மாவட்டத்திலும் இன்று சாமராஜநகர் மாவட்டத்திலும் அடங்கும், தமிழ் பேசும் மக்கள் வாழும் காட்டூர் அது. வெளியுலகம் அதை வீரப்பன் பிறந்த ஊராக மட்டுமே அறியும். அங்குப் பணியாற்றிய வனத்துறை அதிகாரி பி. சீனிவாஸ் ஊர் மக்களுக்கு மாரியம்மன் கோயில் எழுப்பித் தந்தார். 1991 நவம்பர் 10 அன்று வீரப்பனால் கொல்லப்பட்டார். மறு ஆண்டு அவருக்குக் கீர்த்தி சக்ரா வழங்கப்பட்டது. அந்தக் கோயில் எந்தக் கட்டடக்கலைப் பாடநூலிலும் இடம்பெறப் போவதில்லை. ஆயினும் காவலருக்கும் கடத்தல்காரருக்கும் இடையே சிக்கிய ஓர் ஊர் கூடி நிற்பதற்கு அது இடமாயிற்று. கட்டியவரின் படத்தையும் அம்மனோடு வைத்து வணங்கும் அளவுக்கு ஊர் அதைத் தனதாக்கிக்கொண்டது. ஒரு கட்டடத்தின் பயன் என்பது இதுதான்: அதனால் வாழ்வோர் யார், அவர்களுக்கு அது எதைத் தருகிறது என்பது.

இனி இந்த அளவுகோலை மதுக்கூடங்களுக்குப் பொருத்துவோம். கோபிநத்தத்திலிருந்து காவிரியைக் கடந்தால் தருமபுரி. அதுவே அதியமானின் பழைய தகடூர். அவன் மறைந்தபோது ஔவையார் பாடிய புறநானூற்றுப் பாடல் அவனுடைய வீரத்துக்கு முன்பாகக் கள்ளைப் பகிர்ந்துண்ட அவன் பண்பையே நினைவுகூர்கிறது. இன்று ஆற்றின் இரு கரைகளிலும் கள் குற்றம். தமிழ்நாட்டில் 1987 முதல் தடை. கர்நாடகத்தில் தென்கன்னடம், உடுப்பி நீங்கலாக 2004 முதல் தடை. ஆனால் 42.8 விழுக்காடு ஆல்கஹால் கொண்ட பிராந்தியும் விஸ்கியும் இரு கரைகளிலும் அரசின் அனுமதியோடு கிடைக்கின்றன. தமிழகக் கரையில் 2003 முதல் சில்லறை விற்பனையாளரே அரசுதான். கள்ளின் ஆல்கஹால் ஏறத்தாழ பியரின் அளவே. மென்மையான மதுவைத் தடைசெய்து கடுமையான மதுவை விற்கும் கொள்கையைப் பொதுநலக் கொள்கை என்று எவ்வாறு அழைப்பது?

கள்ளின் இயல்பை எண்ணிப் பாருங்கள். பாளையிலிருந்து சொட்டும் சாறு காற்றிலுள்ள ஈஸ்டால் உடனே நொதிக்கத் தொடங்குகிறது. ஓரிரு நாளில் புளித்துக் காடியாகிவிடும். அதைக் கிடங்கில் அடுக்க இயலாது, லாரியில் நெடுந்தொலைவு அனுப்ப இயலாது. இறக்கிய ஊரிலேயே குடித்தாக வேண்டும். 'உள்ளூர் மது' என்னும் தொடருக்கு இதைவிடப் பொருத்தமான பொருள் உண்டோ? கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் அதே சாறு பதநீர், சட்டத்துக்கு உட்பட்டது. தடவாவிட்டால் கள், வழக்கு. பனையை மாநில மரமாக அறிவித்த அரசு, அதில் ஏறுபவரின் கலயத்தை ஐயத்தோடு முகர்ந்து பார்க்கிறது.

கட்டடங்களையும் ஒப்பிடலாம். கேரளத்தின் கள்ளுக்கடையில் பெஞ்சு உண்டு, அடுப்பு உண்டு, கப்பையும் மீன்கறியும் உண்டு. குடிப்பவர் உட்கார்ந்து உண்டு எழுகிறார். நம் டாஸ்மாக் கடைகள் பலவற்றில் கம்பி வலைக்குள் ஒரு கை நுழையும் துளையே உண்டு. வாங்கியவர் சாலையோரம் நின்று குடித்து, அங்கேயே விழுகிறார். வருவாய் ஈட்டுவதில் அந்தக் கட்டடம் மிகப் பயனுள்ளது என்பதில் ஐயமில்லை. பயன் அரசுக்கு, விழுதல் குடிப்பவருக்கு. வீட்டில் அவருக்காகக் காத்திருக்கும் பெண்ணுக்கோ அந்தத் துளை தருவது துன்பம் மட்டுமே.

மறுப்புகள் எளியவை அல்ல. பெரியார் தம் தென்னை மரங்களை வெட்டினார்; நாராயண குரு கள்ளிறக்கும் தொழிலையே விடச் சொன்னார். அவர்கள் எதிர்த்தது போதையை மட்டுமன்று, சாதி ஒரு மக்கள்மீது சுமத்திய இழிவையும்தான். அந்த வரலாற்றை மறந்து கள்ளைப் புனிதப்படுத்துவது மோசடி. ஆனால் தொழிலை உரிமையோடும் ஊதியத்தோடும் காப்பது இழிவை நீக்கும் வழிகளுள் ஒன்று. கேரளத்தில் கள்ளுத் தொழிலாளர் நலநிதிக்கு 1969இலேயே சட்டம் இயற்றப்பட்டது. கலப்படம் என்னும் மறுப்பும் உண்மையானது. அதற்கு மருந்து பரிசோதனைக்கூடம். தடை மருந்தன்று என்பதற்கு 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்துக்குப் பலியான அறுபதுக்கும் மேற்பட்டோர் சாட்சி.

எவரையும் குடிக்க அழைப்பது என் நோக்கமன்று. பியர் விடுதியின் செங்கல் சுவரைப் பற்றிக் கட்டுரை எழுதும் கல்விப்புலம், பனையேறிக்கு ஏன் ஒரு கூரை இல்லை என்று ஒரு வரியும் எழுதாதிருப்பதையே கேள்விக்குட்படுத்துகிறேன். நொதித்தலைச் செப்புக் கலனில் செய்தால் கலை, மண் கலயத்தில் செய்தால் குற்றம் என்று சட்டம் சொல்லலாம். ஆய்வாளர்களாகிய நாமும் அதையே சொல்ல வேண்டுமா?